கியர் இல்லாத வண்டி

“அந்தக் குவாரி மேனேஜர் உடைஞ்ச வண்டிய தார்ப்பாய் போட்டு மூடிப் பத்திரமா வச்சிருக்கான். நல்லா ஓடுற வண்டிய இன்னைக்கு நாலு மணிக்கு வெட்டி இரும்புக்கடைக்குப் போடறான். ஏன் பிரேம்?”

காரை ஓட்டிக்கொண்டிருந்த பிரேம்நாத்துக்கு இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாது. தெரியாவிட்டால் சும்மா இருப்பானா?

“சில பேருக்கு ஓட்டை டம்ளர்ல குடிச்சாதான் டீ இறங்கும் மேடம்.”

“ரோட்டப் பாத்து ஓட்டு.”

மங்கையர்க்கரசி இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து நஷ்டம் கணித்தவள். எந்தப் பக்கம் நசுங்கியிருந்தால் எந்த டிரைவர் பொய் சொல்கிறான் என்பது அவளுக்கு அத்துப்படி. இப்போது காஞ்சிபுரம் காந்தி ரோட்டில், ஒரு பட்டுச்சேலைக் கடையின் மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருந்தாள். சேலை வாங்க வருகிறவர்கள் வழி தெரியாமல் மேலே ஏறி வந்துவிடுவதும் உண்டு. “சேலை கீழ. மாப்பிள்ளைய விசாரிக்கணும்னா இங்க” என்று சொல்லி அனுப்புவது பிரேம்நாத்தின் வேலை. அதில் இரண்டு பேர் நிஜமாகவே மாப்பிள்ளையை விசாரிக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பின்சீட்டில் மனோன்மணி உட்கார்ந்திருந்தாள். திருப்பருத்திக்குன்றத்துத் தமிழ் ஜைனர், நயினார் வீட்டுப் பெண். அவள் கணவன் அப்பாண்டை எட்டு நாளாக ஜெயிலில் இருந்தான்.

திருப்புட்குழி தாண்டி இருந்த ஒரு கல்குவாரியில் அப்பாண்டை கல் ஏற்றுகிற டம்பர் லாரிக்கு டிரைவர். மேஸ்திரி சபாபதி உட்கார்ந்திருந்த ஜீப்பின் மேல் டம்பரை ஏற்றிக் கொன்றுவிட்டான் என்பது வழக்கு. விபத்து என்று விட்டிருப்பார்கள். ஆனால் முந்தின நாள்தான் இரண்டு பேருக்கும் பெரிய வாய்ச்சண்டை. ஜைனர்கள் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள், அப்புறம் ஒரு பருக்கை வாயில் போட மாட்டார்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு அரை மணி நேரம் விடுங்கள் என்று அப்பாண்டை கேட்டான். ‘உனக்கு நான் மேஸ்திரியா, சூரியன் மேஸ்திரியா’ என்று சபாபதி கத்தினார். குவாரியே கூடி வேடிக்கை பார்த்தது. மறுநாள் ஐந்தே முக்காலுக்கு மேஸ்திரி செத்தார். போலீஸுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

“அந்த நேரத்துல உங்க வூட்டுக்காரர் எங்க இருந்தாராம்?” என்று மங்கையர்க்கரசி இன்னொரு தடவை கேட்டாள்.

“பள்ளத்துல வண்டிய நிறுத்திட்டு சாப்ட்டுக்கினு இருந்தாராம்மா. மேனேஜர் போன் பண்ணி, மேல ஆக்சிடென்ட், ஜனங்க கோவமா இருக்குது, வண்டிய அங்கியே வுட்டுட்டு பின்பக்கமா வூட்டுக்குப் போயிடுன்னாராம். வந்துட்டாரு. ஏழு மணிக்கு போலீஸ் வந்து இட்டுக்கினு போயிட்டாங்க.”

“மோதின வண்டிய அவருக்குக் காட்டினாங்களா?”

“யாரும்மா காட்டறாங்க? பேசவே வுடல. நாளைக்குப் பத்தரைக்கு ஜாமீன் மனு வருது. புதுசா ஏதாச்சும் இல்லன்னா இந்தத் தபாவும் தள்ளிடுவாங்கன்றாரு வக்கீலு.”

மங்கையர்க்கரசி மடியிலிருந்த எஃப்.ஐ.ஆர். நகலை எடுத்து ஒரு வரியின் அடியில் நகத்தால் கோடு போட்டாள். ‘இரண்டாம் நம்பர் டம்பர், கியர் மாற்றி மாற்றி அதிவேகமாக மேடேறி வந்து மோதியது.’

“இந்த ஒரு வரியிலதான் யாரோ பொய் சொல்றாங்க” என்றாள்.

*

குவாரி மேனேஜர் ஆனந்தராஜ் வாயெல்லாம் பல்லாக வரவேற்றான். அவ்வளவு பல்லை ஒரே நேரத்தில் பார்த்தாலே பிரேம்நாத்துக்குச் சந்தேகம் வந்துவிடும்.

“வேலையாளுங்க யாரையும் காணோமே?” என்றான் பிரேம்நாத்.

“துக்கம் நடந்த இடம் பாருங்க. எல்லாரையும் அன்னைக்கே ஊருக்கு அனுப்பிட்டோம்.”

“உங்க டம்பருங்களப் பத்தித் தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன்” என்றாள் மங்கையர்க்கரசி. “இவ்ளோ பெரிய வண்டிய நான் மதிப்புப் போட்டதே இல்ல.”

அது சுத்தப் பொய். ஆனால் ஆனந்தராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தான். மனுஷனுக்கு வண்டிப் பைத்தியம் என்பது மேஜை மேல் இருந்த பொம்மை லாரிகளிலேயே தெரிந்தது.

“ரெண்டும் ஒரே சுரங்கத்துல ஓடின வண்டிங்க மேடம். அதை மூடினப்போ ஏலத்துல எடுத்தோம். ஒவ்வொண்ணும் நூறு டன் ஏத்தும். வெளிய பாத்தா ரெட்டைப் புள்ளைங்க, உள்ள வேற வேற. ஒண்ணாம் நம்பர் கியர் வண்டி. ரெண்டாம் நம்பர், அப்பாண்டை ஓட்டினது, கரண்ட் வண்டி.”

“பேட்டரியா?” என்றான் பிரேம்நாத்.

“அட, டீசல்தான்பா. டீசல் இன்ஜின் ஜெனரேட்டரைச் சுத்தும். அந்தக் கரண்டு பின்சக்கரத்துல இருக்குற மோட்டருக்குப் போவும். கியர்பாக்ஸே கிடையாது. கியர் வண்டியில அப்படி இல்ல, இன்ஜினோட பலம் கியர்பாக்ஸ் வழியா சக்கரத்துக்குப் போவும். டிரைவர் கை வைக்கலன்னாலும் கியர் தானா மாறிக்கும்.”

“எது ஒசத்தி?”

“அதான் மேடம் யாராலயும் சொல்ல முடியாது. கரண்ட் வண்டி குலுக்காம ஏறும், தேயற சாமான் கம்மி. இறக்கத்துல மோட்டரே வேகத்தப் பிடிச்சுக்கும், பிரேக் மிதிக்கவே வேணாம். அப்போ உண்டாகுற கரண்ட கம்பிச்சுருள்ல சூடாக்கி, ஃபேன் வச்சு வெளிய தள்ளிடும். ஆனா விலை ஜாஸ்தி, எடை ஜாஸ்தி. பள்ளத்துல தண்ணி நின்னா மோட்டருக்கு ஆபத்து. ரிப்பேருன்னா வடக்கேர்ந்து ஆள் வரணும். கியர் வண்டி செங்குத்து மேட்டுல சர்ருனு ஏறும், நம்மூர் மெக்கானிக்கே பாத்துடுவான். ஆனா கியர் மாறறப்பல்லாம் ஒரு உலுக்கு உலுக்கும். பிரேக்கும் தேய்ஞ்சுக்கினே இருக்கும்.”

“கரண்ட் வண்டியில ஷாக் அடிக்காதா?”

“அதை ஏன் கேக்கறீங்க! இன்ஜின நிறுத்தினாலும் கேபின் பக்கத்துப் பொட்டியில கரண்டு தங்கியிருக்கும். பழைய சுரங்கத்துல எவனோ அவசரப்பட்டுத் திறந்து, கை போயிடுச்சாம். நானே அந்தப் பொட்டிய இதுவரைக்கும் தொட்டதில்ல.”

“இன்னைக்கு வெட்டறது எது?”

“ஒண்ணாம் நம்பர். அதோட டிரைவர் ஒரு மாசமா லீவு. கியர்பாக்ஸும் போயிடுச்சு.”

“எப்போ போச்சு?”

“போறதுக்கு நாள் நட்சத்திரமா பாக்கும்?” என்று சிரித்தான். பல் மட்டும்தான் சிரித்தது.

“ரெண்டாம் நம்பரைக் கிட்டப் போயி பாக்கலாமா?”

“போலீஸ் கேசு மேடம். மன்னிச்சிக்கணும்.”

வெளியே வந்தபோது வாசலில் ஒரு பெரியவர் கேஸ் சிலிண்டரைத் தள்ளுவண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். பழைய வண்டிகளை வெட்டுகிற கவுஸ் பாய்.

“முழு வண்டியும் இன்னைக்கே வெட்டிடுவீங்களா பாய்?” என்று மங்கையர்க்கரசி சும்மா கேட்பதுபோல் கேட்டாள்.

“கஹான்மா, எங்க முழுசா! பின்னாடி தொட்டிய மட்டும் வெட்டுன்னாரு மேனேஜர் சாப். மேல இருக்குற பொட்டிங்களத் தொடவே தொடாதேன்னாரு. அதுக்கு நாளைக்கு வேற ஆள் வருதாம்.”

“அப்படியா?” என்றாள் மங்கையர்க்கரசி. அவள் குரல் ரொம்பச் சாதுவாக ஆகிவிட்டால் யாருக்கோ கெட்ட காலம் என்று பிரேம்நாத்துக்குத் தெரியும்.

*

குவாரிக்குள் போகிற சாலையில், கல் உடைக்கிற கிரஷருக்கு ஏறுகிற மேட்டின் அடியில் பூவம்மாளின் டீக்கடை இருந்தது. எதிரே வண்டி நிறுத்துகிற கொட்டகை, வலது பக்கம் பள்ளத்துக்கு இறங்குகிற வழி. டம்பர் கியர் மாற்றி ஏறியதைக் கேட்டதாகச் சொன்ன ஒரே சாட்சி பூவம்மாள்தான்.

“கியரே இல்லாத வண்டியில கியர் சத்தம் கேட்டாங்களாம்” என்று பிரேம்நாத் முணுமுணுத்தான். “பொய் சொல்லவும் கொஞ்சம் ஞானம் வேணும் மேடம். மேனேஜர் சொல்லிக் கொடுத்தத சரியா ஒப்பிக்கத் தெரியல இந்தம்மாவுக்கு.”

அவன் முணுமுணுத்தால் நாலு பேருக்குக் கேட்கும். பூவம்மாள் வடிகட்டியை டக்கென்று கீழே வைத்தாள்.

“யாருபா பொய்யி சொன்னது? வா இப்டி. உன் மூஞ்சியப் பாத்து சொல்றன். சத்தம் கேட்டுது. வண்டி உர்ருன்னு ஏறுச்சு, ஒரு உலுக்கு உலுக்குச்சு, சத்தம் அடங்குச்சு, மறுபடி உர்ருன்னு ஏறுச்சு. நாலு தபா. நாலு தபாவும் இந்த பாய்லர் மூடி ஆடுச்சு. என் பாய்லரா பொய்யி சொல்லுது?”

“கோவிச்சுக்காதீங்கம்மா, அவன் கெடக்கறான்” என்று மங்கையர்க்கரசி பெஞ்சில் உட்கார்ந்தாள். “அப்பாண்டை தெனமும் இந்த வழியாத்தானே போவாரு?”

“முப்பது தபா போவும், வரும்.”

“அப்பவும் மூடி ஆடுமா?”

பூவம்மாள் பாய்லர் மூடியைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஆடாதும்மா” என்றாள் மெதுவாக. “அது ஒரே இழுவையா போவும். பள்ளத்துல எறங்கறப்பதான் புஸ்ஸுன்னு சூட்டுக்காத்து இந்தப் பக்கம் அடிக்கும். நான் துணியக்கூட அந்தக் காத்துலதான் காய வச்சுக்குவன்.”

“அப்ப அன்னைக்கு ஏறினது?”

“அன்னைக்கு… மூடி ஆடுச்சே!”

“ரெண்டாம் நம்பர்னு போலீஸ்ல சொல்லியிருக்கீங்களே?”

“நான் எங்கம்மா சொன்னன்? சத்தம் கேட்டு மேல ஓடினன். ஒரே புழுதி. ரத்தத்தப் பாத்ததும் மயக்கமா வந்துடுச்சு. மறுநாளு ஒரு போட்டோ காட்டினாங்க. பலகையில ரெண்டுன்னு போட்டிருந்துச்சு, ஆமான்னேன்.”

பிரேம்நாத் மேட்டைப் பார்த்தான், கொட்டகையைப் பார்த்தான். இத்தனை நேரம் இந்த அம்மாளைப் பொய்காரி என்று நினைத்தோமே என்று அவனுக்கு வெட்கமாகிவிட்டது. அவள் காது சொன்னது அத்தனையும் நிஜம். பொய் சொன்னது பலகை.

“குவாரிக்குள்ளயே ஓடுற வண்டி. ஆர்.டி.ஓ. நம்பர் பிளேட் கிடையாது” என்றாள் மங்கையர்க்கரசி. “ஒரு தகரப் பலகை, ரெண்டு கட்டுக்கம்பி, அவ்ளோதான். சேலையில ஒட்டின சீட்டைப் படிச்சிட்டு ஜரிகைய உரசிப் பாக்காம வுட்டுட்டாங்க. வா, நாம உரசுவோம்.”

*

கொட்டகைக்குள் ‘1’ என்று பலகை தொங்கிய டம்பர் நின்றது. மாடி வீட்டு உயரம். சக்கரமே பிரேம்நாத்தைவிட இரண்டு மடங்கு. சேஸிஸ் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் இரும்பு புதிதாகப் பளபளத்தது. யாரோ அதை ராவி எடுத்திருந்தார்கள்.

“ஏறு” என்றாள் மங்கையர்க்கரசி.

“விழுந்தா இன்சூரன்ஸ் உண்டா மேடம்?”

“நான்தான் மதிப்புப் போடுவேன். ரொம்ப எதிர்பாக்காதே.”

அவன் ஏணியைப் பிடித்து மேல் தட்டுக்கு ஏறினான். டிரைவர் கேபினை ஒட்டி ஒரு பீரோ அளவு இரும்புப் பெட்டி. அதற்கு அந்தப் பக்கம் இன்னொரு பெரிய பெட்டி, முன்பக்கம் முழுக்கக் கம்பிவலை. வலைக்கு முன்னால் கட்டுக்கம்பியால் ஒரு மாடம் மாதிரி முடைந்திருந்தார்கள். அதற்குள் மூன்றடுக்குச் சாப்பாட்டுத் தூக்கு ஒன்று இருந்தது. தொடுவதற்கு முன்னாலேயே நாற்றம் மூக்கைத் துளைத்தது.

அவன் அதை எடுத்துக் காட்டியதும் கீழே நின்ற மனோன்மணி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்க வூட்டுதுமா. மூடியில அவரு பேரு வெட்டியிருக்கும், பாரு. வண்டி எறங்கறப்ப வர்ற சூட்டுல வச்சா சோறு சுடச்சுட இருக்குதுன்னு சொல்லுவாரு.”

பிரேம்நாத் அங்கேயே தூக்கைத் திறந்து பார்த்தான். கீழடுக்கு காலி. மேல் இரண்டு அடுக்கிலும் சோறும் கூட்டும் எட்டு நாள் பூசணத்தோடு அப்படியே இருந்தன. மூடி எடுத்துக்கொண்டு இறங்கி வந்து அவளிடம் கொடுத்தான்.

“போன் வந்ததும் பாதியில எழுந்திருக்காரு” என்றாள் மனோன்மணி. “வூட்டுக்கு வந்தப்ப பொழுது சாய்ஞ்சிடுச்சு. முழுசா சாப்பிடலன்னு எங்கிட்ட சொல்லவே இல்லியே மனுஷன்.” சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மங்கையர்க்கரசி போன் பண்ணி வரச் சொல்லியிருந்த சப்-இன்ஸ்பெக்டர் ஜீவிதா அப்போதுதான் ஜீப்பிலிருந்து இறங்கினாள். ஆனந்தராஜும் கவுஸ் பாயைக் கூட்டிக்கொண்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். மணி நாலு அடிக்க ஐந்து நிமிஷம்.

மங்கையர்க்கரசி சொன்னதையெல்லாம் ஜீவிதா பொறுமையாகக் கேட்டாள். ஆனால் முகத்தில் நம்பிக்கை வரவில்லை.

“தூக்குப் பாத்திரத்த யார் வேணா எங்க வேணா வைக்கலாம் மேடம். ஏன், உங்க ஆளே வச்சிருக்கலாம்.”

“என்னா மேடம், நான் அவ்ளோ கஷ்டப்பட்டு ஏறி…” என்று பிரேம்நாத் ஆரம்பித்தான். ஜீவிதா பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான்.

“இது கரண்ட் வண்டிதான்னு நிபுணர் சொன்னா எடுத்துக்குவேன். சென்னையிலேர்ந்து ஆள் வர நாளைக்கு சாயங்காலம் ஆயிடும். எனக்கு ரெண்டும் மஞ்ச கலர் மலைதான். ஏன் சார், மேல இருக்குற அந்தப் பொட்டிங்க என்னா?”

“ஒண்ணு ஸ்பேனர், ஜாக்கி வைக்கிற பொட்டி. வலை போட்டது கேபின் ஏசி” என்றான் ஆனந்தராஜ். கண்ணை இமைக்கக்கூட இல்லை. “இது கியர் வண்டி மேடம். பேப்பர் எல்லாம் இருக்குது. வெட்ட நேரமாச்சு.”

“கையில ஆர்டர் இல்லாம நான் நிறுத்த முடியாது” என்றாள் ஜீவிதா.

நாளைக்குச் சாயங்காலம் நிபுணர் வரும்போது இங்கே இரும்புத் துண்டுகள் கிடக்கும். காலையில் மனுவும் தள்ளுபடியாகியிருக்கும். மனோன்மணி தூக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மங்கையர்க்கரசியின் முகத்தையே பார்த்தாள்.

மங்கையர்க்கரசி பிரேம்நாத்தின் காதில் இரண்டு வார்த்தை சொன்னாள். அவன் தலையைச் சொறிந்தபடி சிலிண்டர் பக்கம் போனான். எதற்கென்று அவனுக்கு விளங்கவில்லை. சொன்னதை மட்டும் செய்துவிட்டு வந்தான்.

“மேனேஜர் சொல்றது சரிதான்” என்றாள் மங்கையர்க்கரசி. “நான்தான் தப்பா நெனச்சிட்டேன். பாய், வெட்டுங்க. ஆனா போலீஸ் மேடம் முன்னால அந்த ஸ்பேனர் பொட்டிய மொதல்ல வெட்டிடுங்க. உள்ள ஒண்ணும் இல்லன்னு அவங்களும் பாத்துட்டுப் போயிடட்டும்.”

“வெட்டட்டும். எனக்கும் சந்தேகம் தீரும்” என்றாள் ஜீவிதா.

“தொட்டிதான் மொதல்ல…” என்றான் ஆனந்தராஜ்.

“ஸ்பேனர் பொட்டிதானே சார்? அஞ்சு நிமிஷ வேலை.”

கவுஸ் பாய் கட்டரையும் ரப்பர் குழாயையும் தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினார். ஆனந்தராஜ் ஏணியின் அடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தான். கவுஸ் பாய் பெட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். இடது கையை அதன் கதவில் ஊன்றிக்கொண்டார். வலது கையில் லைட்டரை எடுத்து ஒரு தடவை தட்டினார். இன்னொரு தடவை தட்டினார்.

“பாய்! கைய எடு!” ஆனந்தராஜ் தொண்டை கிழியக் கத்தினான். “எடுய்யா கைய! உள்ள கரண்ட் இருக்குது! செத்துடுவே!”

கொட்டகை முழுக்க அந்தக் கத்தல் எதிரொலித்தது. கவுஸ் பாய் துள்ளி எழுந்து ஏணிப் பக்கம் ஓடிவந்தார். ஆனந்தராஜ் ஏணியைப் பிடித்தபடி நின்றான்.

ஜீவிதா அவன் முன்னால் வந்து நின்றாள். “கியர் வண்டியோட ஸ்பேனர் பொட்டியில எப்படி சார் கரண்டு இருக்கும்?”

அவன் அப்படியே கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

“ஒண்ணும் ஆயிருக்காது” என்றாள் மங்கையர்க்கரசி. “எட்டு நாள் நிறுத்தி வச்ச வண்டி. உள்ள தங்கின கரண்டு அன்னைக்கே வடிஞ்சிருக்கும். அதுக்கும் மேல, கேஸ் வால்வை பிரேம் ஏற்கெனவே மூடிட்டான். பயம் உங்க மனசுலதான் சார் இருந்துச்சு.”

“அதான் பத்தவே இல்லியா!” என்று மேலிருந்து கவுஸ் பாய் கோபமாகக் குரல் கொடுத்தார். “யா அல்லா, என்னய வச்சா வெளையாட்டு?”

“யார் ஓட்டினது?” என்றாள் ஜீவிதா.

“முதலாளி பையன் அஜித்.” ஆனந்தராஜ் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “டிரைவர் லீவுதானே, நான் ஓட்டிப் பாக்கறேன்னு ஒண்ணாம் நம்பரை எடுத்துக்கினு மேடேறிட்டான். மேல திருப்பத்துல ஜீப் நிக்கறத பாக்கல. இவ்ளோ ஒசரத்துலேர்ந்து பக்கத்துல இருக்கறது கண்ணுக்குத் தெரியாது மேடம். முதலாளி அழுதாரு, கால்ல விழாத குறை. அப்பாண்டைக்கும் மேஸ்திரிக்கும் சண்டைன்னு எல்லாருக்கும் தெரியும். ஜனங்க மேல நிக்கறப்ப நான்தான் கரண்ட் வண்டியப் பள்ளத்துலேர்ந்து கொட்டகைக்குக் கொண்டாந்தேன். இருட்டினப்புறம் பலகைய மாத்தினேன்.”

ஜீவிதா போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். முதலில் அஜித்தைப் பிடிக்கச் சொன்னாள். அப்புறம் அரசு வக்கீலைக் கூப்பிட்டு, நாளைக் காலை மனுவுக்கு எதிர்ப்பு சொல்ல வேண்டாம் என்றாள். கொட்டகைக்குள் நின்ற எல்லாருக்கும் அது கேட்டது.

மனோன்மணி தூக்கோடு ஆனந்தராஜின் முன்னால் போய் நின்றாள். திட்டப்போகிறாள், செருப்பைக் கழற்றினாலும் தப்பில்லை என்று பிரேம்நாத் நினைத்தான். அவள் குரல் உயரவே இல்லை.

“பாய் உசுருன்னதும் பதறிக் கத்திட்டே. நல்ல மனசுதான்பா ஒனக்கு. எங்க வூட்டுக்காரரை இட்டுக்கினு போனாங்களே, அப்ப எங்க போச்சு உன் தொண்டை?”

ஜீவிதா உள்ளே வந்து ஆனந்தராஜின் தோளைத் தொட்டு, ஜீப்பில் ஏறச் சொன்னாள்.